270 வித்தியாசமும் ஒரு நன்றி மெயிலும்

"நம்ம கணக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகலை. பாஸாகாத செக், பேங்க் சார்ஜ் எல்லாம் பார்த்தாச்சு. இன்னும் 270 இடிக்குது. அடுத்து எங்கே பார்ப்பீங்க?"

ஒரு இன்டர்வியூ. எதிரே மூன்று பேர். கேட்டவர் நடுவில் இருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, என் பயோடேட்டாவின் பின்பக்கத்தில் 270 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கணக்கு வேலையில் நான்கு வருஷம் இருந்தவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில். நான் சொன்னதோ, "எல்லா என்ட்ரியையும் முதல்லேர்ந்து ஒரு தடவை செக் பண்ணுவேன் சார்."

"எத்தனை என்ட்ரி இருக்கும்?"

"ஒரு... இரண்டாயிரம்?"

அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

லிஃப்டில் இறங்கும்போது, இரண்டாவது மாடி தாண்டுகிற இடத்தில், பதில் வந்து நின்றது. 270, ஒன்பதால் வகுபடும் எண். ஒரு தொகையில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறி விழுந்தால், வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 360 என்று போட வேண்டியதை 630 என்று போட்டால் வித்தியாசம் 270. ஒரு சைபர் விட்டுப்போனாலும் அப்படியே. 300 என்பது 30 ஆகிவிட்டால் அதுவும் 270. ஆக, கணக்கு உதைக்கிற தொகை ஒன்பதால் வகுபட்டால், எடுத்த எடுப்பிலேயே இரண்டாயிரம் என்ட்ரியையும் புரட்ட வேண்டியதில்லை. இலக்கம் புரண்டிருக்கிற என்ட்ரி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடலாம். வேலையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்கிறேன். அந்த அறையில் மட்டும் வாய்க்கு வரவில்லை.

லிஃப்ட் கதவு திறந்தது. திரும்ப மேலே போய், "சார், ஞாபகம் வந்துடுச்சு" என்று கதவைத் தட்டவா முடியும்? அன்று இரவு ஒரு நன்றி மெயில் எழுதினேன்.

அதற்கு முன்பும் நன்றி மெயில்கள் எழுதியிருக்கிறேன். எழுதினேன் என்பதைவிட அனுப்பினேன் என்பதுதான் சரி. இன்டர்வியூ முடிந்தால் நன்றி சொல்லி ஒரு மெயில் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், இணையத்தில் தேடினேன், ஒரு மாதிரிக் கடிதம் கிடைத்தது. "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு" என்று தொடங்கும். "தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என்னாலான பங்களிப்பை" என்று முடியும். நடுவில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் உலகத்தில் உள்ள எந்த வேலைக்கும் அனுப்பலாம். அதுதான் அதில் உள்ள கோளாறு என்று அப்போது தெரியவில்லை.

ஒரு முறை ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் இன்டர்வியூ. மூன்றாவது இடத்துக்கு மெயில் போட்ட மறுநாள் காலை, ஏதோ சந்தேகத்தில் அனுப்பியவற்றைத் திறந்து பார்த்தேன். சப்ஜெக்ட் சரி. மேலே பெயர் சரி. நான்காவது வரியில், "தங்கள் நிறுவனத்தில் சேர ஆவலாக உள்ளேன்" என்பதற்குப் பக்கத்தில், இரண்டு நாள் முன்னால் போன வேறொரு நிறுவனத்தின் பெயர்.

வயிறு கலங்கிவிட்டது. உடனே ஒரு மன்னிப்பு மெயில். அதாவது, ஒரு பக்கம் நீளமான மன்னிப்பு மெயில். எனக்கு உடம்பு சரியில்லை, அவசரத்தில் அனுப்பிவிட்டேன், வழக்கமாக நான் மிகக் கவனமானவள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பிழை நாலு வார்த்தை, விளக்கம் நாற்பது வரி. முதல் மெயிலை அவர்கள் சரியாகப் படிக்காமலே விட்டிருக்கலாம். இரண்டாவது மெயிலால் கட்டாயம் தேடிப் படித்திருப்பார்கள். அந்த இடத்திலிருந்து பதிலே வரவில்லை. "நேற்றைய மெயிலில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன், மன்னிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டும். சின்ன எழுத்துப்பிழை என்றால் அதுவும் வேண்டாம், விட்டுவிடலாம். பெயர் தவறினால் மட்டும் ஒரு வரி.

அதிலிருந்து இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒன்று, யாருக்கு என்ற கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்புவேன். முகவரியே இல்லாத மெயில், கை தவறிப் பட்டாலும் போகாது. இன்னொன்று, ஜிமெயில் செட்டிங்ஸில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 விநாடிக்கு மாற்றி வைத்தது. நாமாக மாற்றாவிட்டால் அது 5 விநாடியில் நிற்கும். அனுப்பிவிட்டு "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். அவுட்லுக்கில் திரும்பப் பெறலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஒரே நிறுவனத்துக்குள் போகிற மெயிலுக்குத்தான் வேலை செய்யும். இன்டர்வியூ எடுத்தவர் வெளியே இருக்கிறார், அங்கே அது எடுபடாது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

முதலில் எழுதியது முழுக்கப் புலம்பல். பதற்றத்தில் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போனதற்கு வருந்துகிறேன், தயவுசெய்து அதை வைத்து என்னை மதிப்பிட வேண்டாம், எனக்கு உண்மையில் தெரியும். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"என்னடி இது, நன்றி சொல்றியா, மன்னிப்புக் கேக்கறியா?"

"ரெண்டும்தான்."

"தெரியும் தெரியும்ங்கறியே, என்ன தெரியும்னு இதுல எங்க இருக்கு?"

அது சுருக்கென்று தைத்தது. எட்டு வரி எழுதியிருந்தேன். 270 பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரியும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அது ஒரு தகவல் இல்லை. தெரிந்ததை எழுதிக் காட்டினால்தான் தகவல். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கடைசியில் போன மெயில் இதுதான். இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்ததால் மெயிலும் ஆங்கிலத்தில் போனது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். இன்று காலை என்னோடு பேசியதற்கு நன்றி. மாதக் கணக்கை முடிக்கும் வேலையை ஐந்து நாளிலிருந்து மூன்று நாளுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். இந்த வேலையில் என்னை அதிகம் ஈர்த்தது அதுதான்.

270 வித்தியாசம் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. முதலில் 270 என்ற தொகையே ஏதாவது ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால், அது ஒன்பதால் வகுபடுவதால், இலக்கம் இடம் மாறிய என்ட்ரியையோ (360-க்கு 630) சைபர் விட்டுப்போன என்ட்ரியையோ (300-க்கு 30) தேடுவேன்.

வேறு விவரம் ஏதும் தேவைப்பட்டால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்."

கீழே பெயர், போன் நம்பர். அவ்வளவுதான். போனிலேயே ஒரு தடவைகூடத் தள்ளிப் பார்க்காமல் படித்து முடித்துவிடலாம்.

இதில் நான் யோசித்துச் செய்தது ஒன்றிரண்டுதான், மற்றது அக்காவின் கேள்வியால் தானாக அமைந்தது. "பதில் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்; பதற்றம் என்று காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் அவர் கவனம் பதிலை விட்டு என் பதற்றத்தின் மேல் போய்விடும். "ஐந்து நாளிலிருந்து மூன்று நாள்" என்பது அவர் பேச்சுவாக்கில் சொன்னது. வெளியே வந்ததும் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் குறித்துவைத்திருந்தேன். குறிக்காமல் இருந்திருந்தால் இரவுக்குள் மறந்திருக்கும், மறுபடி "பொன்னான நேரம்" என்றுதான் தொடங்கியிருப்பேன். இன்டர்வியூ முடிந்த முதல் பத்து நிமிஷத்தில் எழுதும் அந்தக் குறிப்பு, மெயிலைவிட முக்கியம் என்பேன். யார் என்ன கேட்டார், எதற்கு முகம் மலர்ந்தது, எந்த இடத்தில் நான் திணறினேன், அவர்கள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களாகவே சொன்னது என்ன. ஐந்தாறு வரி போதும். பெயர்களின் எழுத்தையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்வேன், அழைப்பு மெயிலில் இருக்கும். ஒருவரின் பெயரில் ஒரு எழுத்து மாறினால், மீதி எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

திணறிய பதிலை மெயிலில் திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கேள்விதான். இரண்டு வேண்டுமானால் அதிகபட்சம். ஐந்து கேள்விக்கும் திருத்தம் அனுப்பினால் அது மறுதேர்வு எழுதின மாதிரி ஆகிவிடும். அதோடு, திருத்தம் மூன்று நாலு வரிக்குள் முடிகிற விஷயமாக இருக்க வேண்டும். "உங்கள் பலவீனம் என்ன" என்பதற்கு இன்னும் அழகான பதிலை இரவில் யோசித்து அனுப்புவது வேண்டாம். அதை யாரும் தேடுவதில்லை.

மறுநாள் மதியம் பதில் வந்தது. அந்த மூன்று பேரில் நடுவில் இருந்தவர். ஒரே வரி.

"ஒன்பது சரி. 135-ஐயும் தேடியிருக்கலாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 135 என்பது 270-இல் பாதி. ஒரு தொகையைப் பற்று வைக்க வேண்டிய இடத்தில் வரவு வைத்துவிட்டால், வித்தியாசம் அந்தத் தொகையைப்போல இரண்டு மடங்கு வரும். 135 வரவை 135 செலவாகப் போட்டால் கணக்கு 270 உதைக்கும். அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்பது தெரிந்திருந்தது, பாதி தெரியாமல் இருந்தது. படித்தபோது எங்கோ வந்திருக்கும், கைக்கு வந்ததில்லை.

அவருக்கு ஒரு வரி பதில் போட்டேன்: "பாதியாக்கிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை, நன்றி சார்." அதோடு விட்டேன். அங்கே இன்னும் இரண்டு வரி சேர்க்க விரல் துடித்தது. சேர்த்திருந்தால் அரட்டையாகியிருக்கும்.

வேலை கிடைத்ததா என்றால், இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து, என்னைவிட அனுபவம் அதிகம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டதாக ஹெச்.ஆரிடமிருந்து தகவல் வந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த 135-க்காக ஒரு நாள் முழுக்க மிதந்திருக்கிறேனே, வேலையே கிடைத்த மாதிரி! நல்ல பதில் வந்தால் வேலை வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானாகக் கட்டிய கோட்டை.

கோபம் இறங்க ஒரு நாள் விட்டு, அந்த மறுப்புக்கும் நன்றி எழுதினேன். இதுதான் எழுதவே பிடிக்காத மெயில். என்னுடையது நாலு வரி: தகவல் சொன்னதற்கு நன்றி, முடிவு எனக்கு வருத்தம்தான், அந்த 135 எனக்குப் பயன்படும், பின்னால் இதுபோல ஒரு இடம் வந்தால் என்னையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் என்னை எடுக்கவில்லை" என்று கேட்கவில்லை. கேட்கலாம், தவறில்லை, ஆனால் பல நிறுவனங்களில் காரணத்தை எழுத்தில் சொல்ல அவர்களுக்கு அனுமதி இருக்காது, வாயை மூடிக்கொள்வார்கள். "அடுத்த முறைக்கு நான் எதில் தேற வேண்டும்" என்று கேட்டால் சில சமயம் பதில் கிடைக்கும். என் நாலு வரிக்குப் பதில் வரவில்லை. அந்த நிறுவனத்திலிருந்து பிறகு யாரும் கூப்பிடவும் இல்லை. சிலர் கதையில் கூப்பிடுவார்கள், வேலையில் சேர்ந்தவர் ஒரு மாதத்தில் விட்டுவிட்டுப் போய், அடுத்த ஆளாக இவரைத் தேடுவார்கள். அப்படி நடப்பதுண்டு. எனக்கு நடக்கவில்லை.

அப்புறம் வேறோர் இடத்தில் சேர்ந்து, காலம் போய், இப்போது இன்டர்வியூ எடுக்கும் பக்கத்தில் நானும் உட்காருகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நன்றி மெயில் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இடத்தில் இன்டர்வியூ முடிந்த கையோடு மூன்று பேரும் தனித்தனியாக மார்க் போட்டுவிடுவோம். மெயில் வருவதற்கு முன்பே தாள் நிரம்பிவிடும். அந்தத் தாளில் "நன்றி சொன்னாரா" என்று ஒரு கட்டமும் கிடையாது. மெயில் அனுப்பாததால் ஒருவரை நான் ஒதுக்கியதில்லை, அப்படி ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்கு மரியாதையும் இல்லை. பாதிப் பேருக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. தெரிந்தவரின் வேலைத்திறன் அதனால் கூடிவிடுவதும் இல்லை.

ஆனால் மார்க் போட்ட பிறகும் பேச்சு நடக்கும். வேலைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே மார்க்கில் நிற்கும்போது, "அவங்ககிட்ட அந்த விஷயம் தெளிவா வரலையே" என்று யாராவது சொல்வார்கள். அப்போது "மெயிலில் எழுதியிருக்காங்க பாருங்க" என்று இன்னொருவர் திரையைத் திருப்பிக் காட்டினால் பேச்சின் திசை கொஞ்சம் மாறுகிறது. இரண்டு தடவை அப்படிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அவருக்கே வேலை கிடைத்தது. இன்னொரு தடவை கிடைக்கவில்லை.

கெடுத்துக்கொள்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன் என்று, ஒரே மெயிலைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்புவார்கள். நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம் என்பது நினைவுக்கு வராது போல. "உங்களோடு நடந்த உரையாடல்தான் என் மனதில் நின்றது" என்று மூன்று பேருக்குமே வந்தது ஒரு தடவை. மாற்றி மாற்றிக் காட்டிச் சிரித்தோம், அது அவருக்கு நல்லதில்லை. நேரமில்லை என்றால் மூன்று பேரையும் சேர்த்து ஒரே மெயிலாக, மறைக்காமல் போடலாம். அது நேர்மையாகவே இருக்கும். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவர் கேட்டதிலிருந்தும் ஒரு வரியாவது அவரவருக்கு என்று இருக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று வருகிறது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி அப்படியே ஒட்டுவது. இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், எங்களோடு பேசியவர் அதில் இருக்க மாட்டார். அறையில் தட்டுத் தடுமாறி, நடுவில் சிரித்து, கையை ஆட்டிப் பேசியவரிடமிருந்து இரவு வரும் மெயில் அரசிதழ் மாதிரி இருந்தால் பொருந்தவில்லை. ஒருவர் மெயிலில் "(இங்கே பேசிய தலைப்பைச் சேர்க்கவும்)" என்று நடுவில் அப்படியே நின்றது. எழுதிய பிறகு பிழை பார்க்க அதன் உதவியைக் கேட்பதில் எனக்கு ஒன்றும் தப்புத் தெரியவில்லை. அந்த அடைப்புக்குறிக்குள் என்ன வர வேண்டும் என்பதை மட்டும் எந்த இயந்திரமும் சொல்லாது, அது அறைக்குள் இருந்தவருக்குத்தான் தெரியும்.

சம்பளப் பேச்சை நன்றியோடு சேர்ப்பதும் வேண்டாம். "நன்றி, அதோடு நான் சொன்ன தொகையைக் கொஞ்சம் உயர்த்திப் பரிசீலிக்கவும்" என்று வந்தால், நன்றி முன்னுரை ஆகிவிடுகிறது. பரிசுப் பொருள், வாழ்த்து அட்டையோடு பூங்கொத்து இதெல்லாம் வந்தால் வாங்குகிறவருக்கே சங்கடம். பல நிறுவனங்களில் அதைத் திருப்பி அனுப்பவே விதி இருக்கிறது. இன்டர்வியூ எடுத்தவரின் சொந்த நம்பரைத் தேடிப் பிடித்து இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் நன்றி சொன்ன ஒருவரும் உண்டு. நல்ல பையன், நன்றாகத்தான் பதில் சொல்லியிருந்தான். அந்த நம்பர் எப்படிக் கிடைத்தது என்ற கேள்விதான் எங்களுக்குள் ஓடியது.

எனக்குப் பிடித்த ஒரு மெயிலையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் எல்லாக் கேள்விக்கும் சரியாகவே பதில் சொன்னவர், திருத்த ஒன்றுமில்லை. போகும்போது எங்களிடம், "புதுசா வர்றவங்க முதல் மாசம் எதுல தடுக்கி விழறாங்க?" என்று கேட்டார். பழைய சப்ளையர்களின் பெயர் இரண்டு மூன்று விதமாகப் பதிவாகியிருப்பதில்தான் என்றேன். இரவு வந்த மெயிலில், முன்பு இருந்த இடத்தில் அதே சிக்கலைப் பெயரை விட்டுவிட்டு வருமான வரித்துறை கொடுக்கும் பான் எண்ணை வைத்துப் பிரித்துச் சரிசெய்ததாக இரண்டு வரி எழுதியிருந்தார். பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் பான் எண் ஒன்றுதானே. நன்றி என்ற சொல் அதில் ஒரு தடவைதான் வந்தது. இன்டர்வியூ இன்னும் முடியாமல் நாங்கள் பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அதனால் யாராவது "என்ன எழுதறதுன்னே தெரியல" என்று என்னிடம் கேட்டால், அந்த அறையில் பாதியில் நின்ற பேச்சு எது என்று திருப்பிக் கேட்பேன். ஏதாவது ஒன்று இருக்கும். நீங்கள் திணறியது, அவர்கள் சொன்ன சிக்கல், அனுப்புகிறேன் என்று நீங்கள் ஒத்துக்கொண்ட ஒரு ஃபைல். ஃபைல் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் நன்றி மெயிலோடு அது போயே ஆக வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தனியாக அனுப்பினால், சொன்னதைச் செய்ய இரண்டு நாள் எடுக்கிறவர் என்று ஆகிவிடும். உண்மையிலேயே பேச்சு எதுவும் மிச்சமில்லை என்றால் இரண்டு வரி நன்றியோடு நிறுத்துங்கள். அதை இழுத்து இழுத்துப் பத்து வரி ஆக்குவதில் ஒரு லாபமும் இல்லை.

மற்றபடி எல்லாம் சின்ன விஷயம்தான். அன்றே, இல்லாவிட்டால் மறுநாள் மதியத்துக்குள் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ என்றால் திங்கள்வரை தள்ள வேண்டாம், முடிவு வெள்ளி மாலையே ஆகிவிடலாம். நள்ளிரவில் எழுதி முடித்தால், காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. இன்டர்வியூவுக்கு அழைத்த மெயிலுக்கே பதிலாக எழுதினால் சப்ஜெக்ட் பற்றி மண்டையை உடைக்க வேண்டியதில்லை, நீங்கள் யார், எந்த வேலைக்கு வந்தீர்கள் என்பது கீழேயே இருக்கும். எடுத்தவரின் முகவரி தெரியவில்லை என்றால் துப்பறிய வேண்டாம். ஏற்பாடு செய்த ஹெச்.ஆருக்கு எழுதி, அவரிடம் சேர்ப்பிக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். நடுவில் கன்சல்டன்சி இருந்தால் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். தாண்டிப் போனால் அவர்களுக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம். "சார்", "மேடம்" என்பதா, பெயர் சொல்வதா என்று குழப்பம் வந்தால், அறையில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே எழுதுங்கள். காலையில் "சார்" என்றவர் இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விசித்திரமாக இருக்கும்.

அரசுத் தேர்வாணையம் மாதிரியான இடங்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே நேர்காணல் குழுவில் இருப்பவரைத் தனியாகத் தொடர்புகொள்வதே சிபாரிசு தேடுவதாக எடுத்துக்கொள்ளப்படலாம். சிபாரிசு தேடினால் தகுதிநீக்கம் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும் இடங்கள் உண்டு. அறையை விட்டு எழும்போது வாயால் சொல்லும் நன்றியோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பதில் வராவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் வராது. எனக்கு வரும் நன்றி மெயில் எல்லாவற்றுக்கும் நானே பதில் போடுவதில்லை. முடிவு தெரியும் வரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தையும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். முடிவைச் சொல்வதாக அவர்கள் சொன்ன தேதி தாண்டி ஓரிரு நாள் பொறுத்து, ஒரு தடவை கேட்கலாம். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள். அதற்கும் சத்தமில்லை என்றால் மூன்றாவது மெயில் வேண்டாம்.

போன வாரம் ஒருவரிடம் அந்த 270 கேள்வியைக் கேட்டேன். நான் எப்போதும் அதையேதான் கேட்பேன், எண்ணைக்கூட மாற்றுவதில்லை. யோசித்து, பாதியாக்கி 135 தேடுவேன் என்றார். ஒன்பது அவருக்குத் தோன்றவில்லை. இரவு மெயில் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. மறுநாள் காலை மார்க் தாள்களை அடுக்கும்போது, அவருடையதன் ஓரத்தில் 270 என்று எழுதி நான் வட்டம் போட்டிருந்தது கண்ணில் பட்டது. ஆளை எடுத்துவிட்டோம். முதல் தேதி சேருகிறார்.